உள்ளங்கை அகலம்

தெய்வநாயகம் ஆசிரமத்துக்கு வந்து பதினோரு மாதம். வயது அறுபத்து மூன்று. முப்பது வருஷம் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையில் வடிவமைப்பாளராக இருந்தவர். குரு மங்கையம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைச்சல். அதனால் என்ன? அந்தம்மா எதிரே நின்றால் மனுஷனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அன்று காலை ஒட்டவில்லை.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

மங்கையம்மா கத்தரி நாற்றுப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். “கேளுங்கய்யா.”

“கைத்துப்பாக்கியை ஒரே அழுத்துல தொடர்ந்து சுட வைக்கணும்னு நூறு வருஷமா மல்லுக்கட்டறாங்க. சனியன், கையில நிக்காது. முதல் குண்டு ஆள் மேல. ரெண்டாவது தலைக்கு மேல. மிச்சமெல்லாம் ஆகாசத்துக்கு. ஒருத்தர் பின்னால மரக்கட்டை மாட்டினார். ஒருத்தர் முன்னால பிடி வெச்சார். ஒருத்தர் வேகத்தைக் குறைச்சார். எதுவும் சரிப்படலை. அப்புறம் ஒரு அழுத்துக்கு மூணே குண்டுன்னு நிறுத்தினாங்க.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“அந்த மூணையும் உள்ளங்கை அகலத்துக்குள்ள விழ வெச்சேன். வழியில போறவங்க மேல படக்கூடாதேன்னுதான் பண்ணேன், சத்தியமா. விருதுகூடக் குடுத்தாங்க.”

இடுப்பிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்தார். மடித்து மடித்து நைந்துபோயிருந்தது.

“பஸ் ஸ்டாண்டுல ஒரு டீச்சரம்மா. நெஞ்சுல மூணு காயம், உள்ளங்கை அகலத்துலன்னு போட்டிருக்கான். சுட்டவனை இன்னும் தேடறாங்களாம். படிச்ச நிமிஷமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என் கைவேலை அது.” அழுதுவிட்டார். “எனக்கு மன்னிப்பு உண்டாம்மா?”

மங்கையம்மா எழுந்து போய் மோட்டாரைப் போட்டார். பாத்தியில் கிடந்த ரப்பர் குழாய் விருட்டென்று துள்ளி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்தது. நாற்றெல்லாம் சாய்ந்தது.

“ஐயோ, நாத்து போகுது! பாருங்கய்யா!”

தெய்வநாயகம் பாய்ந்தார். கெட்டிக்கார மனுஷன், கேட்க வேண்டுமா! ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். ரெண்டு குச்சியை நட்டார். தோள் துண்டை உருவி இறுக்கிக் கட்டினார். பத்தே நிமிஷம். குழாய் அசையவில்லை. தண்ணீர் ஒரே இடத்தில் நச்சென்று விழுந்தது. கண்ணீர் காயாத முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

அப்புறம்தான் பாத்தியைப் பார்த்தார். தண்ணீர் விழுந்த இடம் குழியாகியிருந்தது. நாற்றுகள் வேரோடு மிதந்தன.

மோட்டார் சுவிட்ச் அவர் தோளுக்குப் பக்கத்துக் கம்பத்தில்தான் இருந்தது. மங்கையம்மா வந்து அதை அணைத்தார்.

தெய்வநாயகம் குழாயிலிருந்து துண்டை அவிழ்த்தார். பிறகு, “தொழிற்சாலைக்கு எழுதறேன்மா, நிறுத்தச் சொல்லி” என்றார்.

“எழுதுங்க. நிறுத்துவாங்களா?”

“மாட்டாங்க.” அவருக்குத் தெரியும். “நான் பழக்கிவிட்ட பசங்கதான் இப்ப அங்க இருக்காங்க. அதையே இன்னும் சின்னதா, சட்டைக்குள்ள மறைக்கிற மாதிரி பண்ணிட்டிருக்காங்க.”

மங்கையம்மா மிதந்த நாற்றுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார்.

“அப்போ எனக்கு மன்னிப்பு?”

“அதைக் குடுக்க வேண்டியவங்க பஸ் ஸ்டாண்டுலயே போயிட்டாங்களேய்யா.”