நண்டன்விளை வண்டிக்கு ரெண்டு லைனர்

நண்டன்விளைக்காரர்களுக்கு அறிவு கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாராளமாக இருக்கிறது. புதுப் பாத்திரத்தைப் புழங்க மனசு வராமல் பரணில் ஏற்றி வைப்பார்களே, அது மாதிரி எடுக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் வைகுண்டம் ஒரு பிக்கப் வண்டி வாங்கினான். வெள்ளை வண்டி. பின்னால் சரக்கு ஏற்றுகிற பாடி முகம் பார்க்கிற மாதிரிப் பளபளத்தது. ஊரைச் சுற்றி உப்பளம். அவன் மனைவி செல்லக்கனி பதினேழு வயதிலிருந்து அந்த உப்புத் தண்ணீரில் நின்று உப்பு வாருகிறவள். அவள் பாதத்து வெடிப்பைப் பார்க்கிற அன்றைக்கு வைகுண்டத்துக்குச் சோறு இறங்காது. "ஆலையில தினச் சவாரி மட்டும் கிடைக்கட்டும், அதுக்கப்புறம் நீ அளத்துக்குள்ள காலே வைக்க வேண்டாம்" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். வண்டி வாங்கினதே அதற்காகத்தான்.

உப்பாலை மேனேஜர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"வெறும் தகரத்துல உப்பு ஏத்தினா ஆறு மாசத்துல துரு பிடிச்சிடும். துரு பட்டா உப்பு மஞ்சளாயிடும். பாடிக்குள்ள லைனர்னு ஒரு உள்ளுறை இருக்கு, அதைப் போட்டுட்டு வாங்க. தகரத்துல ஒரு கல் உப்பு படக்கூடாது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு உப்போட வந்து வண்டியைக் காட்டணும். எட்டு தாண்டினா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்."

மறந்துவிடக் கூடாதே என்று வைகுண்டம் "ஒரு கல் உப்பு படக்கூடாது, ஒரு கல் உப்பு படக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான்.

சனிக்கிழமை நாலு பேராக டவுனுக்குக் கிளம்பினார்கள். வைகுண்டம் ஓட்டினான். பக்கத்தில் சித்தப்பா தவசிக்கண். அறுபது வயது, எதைக் கேட்டாலும் கண்ணை மூடி யோசிப்பார், சில சமயம் அப்படியே தூங்கிவிடுவார். பின்னால் செல்லக்கனியின் தம்பி அலங்காரமும் பக்கத்து வீட்டு ஏசுவடியானும். ஏசுவடியான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அதனால் ஊரில் சட்ட நுணுக்கமெல்லாம் அவன் பொறுப்பு.

லைனர் கடைக்காரர் பொறுமைசாலி. அன்றைக்குக் காலையில் அப்படித்தான் இருந்தார்.

"ரெண்டு வகை இருக்கு அண்ணாச்சி. ஒண்ணு ஸ்ப்ரே. மருந்து மாதிரி அடிப்போம், தகரத்தோட தகரமா ஒட்டிக்கும். தண்ணி இறங்காது. ஆனா கழட்ட முடியாது. இன்னொண்ணு பிளாஸ்டிக் தொட்டி. உங்க பாடி அளவுக்கே அச்சுல வார்த்தது, அப்படியே உள்ள இறக்கி வச்சிரலாம். வேண்டாம்னா எடுத்துரலாம். ஆனா ஓரத்துல தண்ணி இறங்கி அடியில நின்னா, உங்களுக்குத் தெரியாமலே தகரம் துரு பிடிக்கும்."

நாலு பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"கழட்ட முடியாத சாமானை எப்படி வே வாங்குதது? பிடிக்கலன்னா என்ன செய்ய?" என்றார் சித்தப்பா.

"நீங்க கல்யாணம் பண்ணலையா சித்தப்பா?" என்றான் வைகுண்டம்.

சித்தப்பா கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். "அது சரிதான். ஆனா அதுக்கு ஸ்ப்ரே அடிக்கலையே" என்றார்.

ஓட்டுக்கு விட்டார்கள். ஸ்ப்ரேக்கு வைகுண்டமும் ஏசுவடியானும். தொட்டிக்குச் சித்தப்பாவும் அலங்காரமும். ரெண்டுக்கு ரெண்டு.

"பெரியவன் நான், நானே விட்டுக்கொடுக்கேன். ஸ்ப்ரேயே இருக்கட்டும்" என்று சித்தப்பா கட்சி மாறினார்.

"பெரியவரே விட்டுக்கொடுக்கும்போது நாம பிடிவாதம் பிடிச்சா மரியாதையா இருக்காது. நான் தொட்டிக்கு வாரேன்" என்று ஏசுவடியான் இந்தப் பக்கம் வந்தான். மறுபடியும் ரெண்டுக்கு ரெண்டு.

அவன் மாறிவிட்டானே என்று அலங்காரம் மாறினான். மச்சினன் மாறிவிட்டானே என்று வைகுண்டம் மாறினான். ஒருவரை ஒருவர் மதிக்கிற ஊர் அது. இரண்டு தடவை டீ வந்து போனது. மூன்று மணிக்கு வைகுண்டம் தொட்டிக்காரனாகவும் சித்தப்பா ஸ்ப்ரேக்காரராகவும் இருந்தார்கள், கணக்கு மட்டும் ரெண்டுக்கு ரெண்டிலேயே நின்றது.

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டையும் போட்டுத் தொலைங்க!"

நாலு பேரும் எழுந்து அவரைக் கும்பிட்டார்கள். இத்தனை தெளிவாக அவர்களுக்கு யாரும் இதுவரை வழி சொன்னதில்லை. ஸ்ப்ரேயும் அடித்தாயிற்று, பிளாஸ்டிக் தொட்டியையும் கயிறு போட்டு வண்டிக் கூரைமேல் கட்டியாயிற்று.

கிளம்பும்போது கடைக்காரர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஏசுவடியான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். நாளைச் சாயங்காலம் வரை ஸ்ப்ரேயைத் தொடக்கூடாது, தூசி, ஈ எதுவும் உட்காரக் கூடாது. அப்புறம் தொட்டியை மேலேயிருந்து நேராக இறக்க வேண்டும். ஆணி போட்டு முடுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்று தூக்கும், பாரம் இல்லாமல் ஓட்டக் கூடாது. அஞ்சு வருஷம் கேரண்டி. கீறல் விழுந்தால் கேரண்டி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை வேப்பமரத்து நிழலில் நிறுத்தி, நாலு பேரும் நாலு மூலையில் முறத்தோடு நின்று வீசினார்கள். பத்து மணிக்கு ஓர் ஈ வந்து பாடியின் நட்டநடுவில் உட்கார்ந்தது.

"விரட்டுல அலங்காரம்!"

"எப்படி அத்தான் விரட்ட? தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரே."

"ஸ்ப்ரேயைத் தொடாத. ஈயை மட்டும் தொடு."

"ஈ ஸ்ப்ரேயைத் தொட்டுக்கிட்டுல்லா இருக்கு. நான் ஈயைத் தொட்டா, நானும் தொட்ட மாதிரிதானே?"

எல்லோரும் ஏசுவடியானைப் பார்த்தார்கள். அவன் உள்ளங்கையைப் படித்தான். "நேராத் தொட்டாதான் குத்தம். ஈ வழியாத் தொடுததைப் பத்தி இதுல ஒண்ணும் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னான். அதற்குள் ஈயும் போய்விட்டது.

இனி ஈயே வராமல் இருக்க ஒரு வழி செய்ய வேண்டும் என்று சித்தப்பா கண்ணை மூடினார். "ஈக்குப் பிடிச்சதை வேற இடத்துல வச்சிட்டா, அது இங்க ஏன் வரப்போகுது?" என்றார். அருமையான யோசனை. அரைக் கிலோ கருப்பட்டியை வாங்கி, கண்காணிக்க வசதியாக இருக்கட்டும் என்று வண்டியின் முன்பக்கம் பானெட்டின் மேல் வைத்தார்கள். நண்டன்விளை ஈயெல்லாம் வந்தன. அக்கம்பக்கத்து ஊர் ஈயும் வந்திருக்கலாம், எண்ண முடியவில்லை. கருப்பட்டியில் இடம் கிடைக்காதவை பின்னால் போய் உட்கார்ந்து காத்திருந்தன. சாயங்காலம் ஸ்ப்ரே காய்ந்தபோது அதில் அங்கங்கே கறுப்பாகப் புள்ளி இருந்தது. டிசைன் நன்றாக இருப்பதாகச் சித்தப்பா சொன்னார்.

அடுத்து தொட்டி. மேலேயிருந்து நேராக இறக்க வேண்டுமே. வேப்பமரக் கிளையில் கயிறு போட்டு அதை உயரே தூக்கிக் கட்டி, வண்டியை அதற்கு நேர் கீழே கொண்டுவந்து, மெல்ல மெல்ல இறக்கினார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது. வைகுண்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த சந்தோஷத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம் என்று வண்டியை எடுத்தான். வண்டி போய்விட்டது. கயிற்றை அவிழ்க்காததால் தொட்டி மட்டும் மரத்திலேயே ஊஞ்சல் ஆடிக்கொண்டு நின்றது.

"கழட்டுதது சுலபம்னு அவர் சொன்னது நெசம்தான்" என்றான் அலங்காரம்.

மறுபடி இறக்கி, கயிற்றை அவிழ்த்து, ஆணியைக் கையில் எடுத்தார்கள். வைகுண்டம் குறுக்கே கையை நீட்டினான்.

"ஆணி அடிச்சா அடியில இருக்கிற ஸ்ப்ரேயில ஓட்டை விழாதா? ஓட்டை வழியா உப்பு இறங்காதா? தகரத்துல ஒரு கல் உப்பு படக்கூடாது வே!"

ஆணி வேண்டாம், பாரமே போதும் என்று முடிவாயிற்று. மிச்சமான ஆணியில் சித்தப்பா வீட்டில் சட்டை மாட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் உப்பளத்துக்குக் கிளம்ப வண்டியில் ஏறினார்கள். பாரம் இல்லாமல் ஓட்டக் கூடாதல்லவா, அதனால் பாரத்துக்காக நாலு பேரும் பின்னால் தொட்டிக்குள் உட்கார்ந்தார்கள். வண்டி நகரவில்லை. கால் மணி நேரம் பார்த்தார்கள்.

"ரெண்டு லைனர் போட்டதுல கனம் கூடிப் போச்சு" என்றார் சித்தப்பா.

"நேத்து நான் முன்னால உக்காந்திருந்தேன். அப்பப் போச்சே" என்றான் வைகுண்டம்.

"அப்படின்னா பின்னால கனம் குறையணும். ஒரு ஆளு முன்னால போய் உக்காரும்" என்றான் ஏசுவடியான்.

சித்தப்பா இறங்கிப் போய் முன்னால் இடதுபக்கம் உட்கார்ந்தார். அப்போதும் வண்டி போகவில்லை. இன்னும் கனம் குறைய வேண்டும் என்று வைகுண்டமும் முன்னால் போனான். மீதியிருந்த இடம் ஸ்டியரிங் பக்கம்தான். உட்கார்ந்தவுடன் பழக்கதோஷத்தில் கை சாவியைத் திருகியது, வண்டி கிளம்பியது. ரெண்டு ஆள் கனம்தான் அதிகம் என்று எல்லோருக்கும் புரிந்தது.

உப்பளத்துக்குப் போய்ச் சேரும்போது மணி ஆறரை. செல்லக்கனி முழங்கால் வரை சேலையைச் செருகிக்கொண்டு பாத்தியில் நின்றிருந்தாள். கரையில் உப்பு மூட்டைகள் தயாராக இருந்தன. அலங்காரம் ஒரு மூட்டையைத் தூக்கித் தொட்டியின் விளிம்புக்குக் கொண்டுபோனபோது ஏசுவடியான் அலறினான்.

"நிறுத்து வே! உப்புக் கல்லுக்கு முனை இருக்கு. தொட்டியில கீறல் விழுந்தா கேரண்டி போச்சு!"

மூட்டை அந்தரத்திலேயே நின்றது. ஏசுவடியான் கையில் எழுதியதைக் காட்டினான். வியர்வையில் பாதி அழிந்திருந்தாலும் கீறல் என்ற சொல் தெளிவாக இருந்தது.

"தொட்டியை எடுத்துட்டு ஸ்ப்ரே மேல ஏத்துவோமா?" என்றான் வைகுண்டம்.

"அது கீறினா கழட்டக் கூட முடியாதே அத்தான்!"

உப்பை வண்டியில் ஏற்றவும் கூடாது, வண்டியைப் பாரம் இல்லாமல் ஓட்டவும் கூடாது. மணி ஏழாகிவிட்டது. வைகுண்டம் பாத்தியில் நின்ற செல்லக்கனியைப் பார்த்தான். எட்டு மணி தாண்டினால் இவள் ஆயுசுக்கும் இந்தத் தண்ணீரில்தான் நிற்க வேண்டும் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. நிஜமாகவே அழுதான்.

"என்னங்க, எதுக்கு அழுவுதீங்க?" என்று அவள் கரையேறி வந்தாள்.

"பாரம் வேணும் கனி. ஆனா கீறாத பாரமா வேணும்."

சித்தப்பா கண்ணைத் திறந்தார். செல்லக்கனியை மேலும் கீழும் பார்த்தார். "மருமகளுக்கு முனை ஒண்ணும் இல்லையே" என்றார்.

குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்து வைகுண்டமே அவள் காலைக் கழுவிவிட்டான். வெடிப்புக்குள் ஒரு கல் உப்பு கூட இல்லாமல் துடைத்தான். மறுபடி மண்ணில் படாமல் தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டியின் நடுவில் உட்கார வைத்தான். "சவாரி கிடைக்குமா?" என்று கேட்டாள். "நீ ஆடாம இரு, கிடைக்கும்" என்றான்.

மற்ற மூன்று பேரும் தலைக்கு ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்தார்கள். வைகுண்டம் சும்மா வருவது நியாயமில்லை என்பதால், ஒரு பையில் உப்பைக் கட்டி ஜன்னலுக்கு வெளியே ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஓட்டினான். இரண்டு கிலோமீட்டர். எட்டு மணிக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது ஆலைக்குள் நுழைந்தார்கள்.

மேனேஜர் செல்லக்கனியை இறங்கச் சொல்லிவிட்டு, தொட்டியைத் தூக்கிப் பார்த்தார், ஸ்ப்ரேயைத் தடவிப் பார்த்தார். மூட்டையைப் பிரித்தார். பால் மாதிரி வெள்ளை உப்பு.

"பாடியில ஒரு கல் உப்பு கூட இல்லையே!"

"நீங்கதானே சார் படக்கூடாதுன்னீங்க" என்றான் வைகுண்டம், பையை இன்னும் வெளியேதான் பிடித்திருந்தான்.

மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே தொங்கிய பையை ஒரு தடவை பார்த்தார். "சவாரி உனக்குத்தான். நாளையிலேர்ந்து தினம் முப்பது மூட்டை, எட்டு மணிக்குள்ள. எப்படிக் கொண்டு வருவியோ, அது உன் பாடு" என்றார்.

ஏசுவடியான் விரல் விட்டு எண்ணினான். முன்னால் நடக்க மூன்று பேர் இருக்கிறார்கள், இன்னும் இருபத்தேழு பேர் வேண்டும். ஊரில் ஆளுக்கா பஞ்சம்!

அன்றையிலிருந்து செல்லக்கனி அளத்துக்குள் கால் வைக்கவில்லை. தினமும் காலையில் தலை சீவிப் பூ வைத்து, குடை பிடித்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருப்பாள். முன்னால் முப்பது பேர் மூட்டையைச் சுமந்து வரிசையாக நடப்பார்கள். பாதம் நன்றாகவே ஆறிவிட்டது.

ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் வந்த லைனர் கடைக்காரர் வண்டியை அடையாளம் கண்டு நிறுத்தி, பாடிக்குள் எட்டிப் பார்த்தார். கடையிலிருந்து போன அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. அவருக்கு ஒரே ஆச்சரியம்.

"உப்புக்கு ஓடுற வண்டியில ஒரு கீறல் இல்லையே அண்ணாச்சி! லைனர் எப்படி உழைக்குது?"

வைகுண்டம் அவர் கையை நன்றியோடு பிடித்துக்கொண்டான்.

"அருமையான சாமான் சார். நீங்க மட்டும் இதைக் கொடுக்கலன்னா, இந்த முப்பது மூட்டையையும் நாங்க வண்டியிலல்லா ஏத்திக்கிட்டுப் போயிருப்போம்."