பழம்தானே என்று மறைத்த கரடி

ஒரே ஒரு காடாம். அந்தக் காட்டுக்குள்ளே ஒரே ஒரு ஓடையாம். ஓடைக்கரையில் பூவாத்தா என்று ஒரு கரடி, இரண்டு குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு வாழ்ந்து வந்ததாம்.

கரடிக் குட்டிகள் லேசில் கீழே இறங்காது. தேன் தேடப் போனாலும் அம்மா முதுகுதான், புற்றைத் தோண்டப் போனாலும் அம்மா முதுகுதான். பூவாத்தாவுக்கு எப்போது பார்த்தாலும் அசதி.

ஒருநாள் நாரை டாக்டர் அதன் ரத்தத்தைச் சோதித்தது.

"கொழுப்பு ஏறிக் கிடக்கிறது, பூவாத்தா! ராத்திரிக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொள். வேறு வைத்தியம் எது செய்தாலும் என்னிடம் சொல்லிவிடு!"

"சரிங்க டாக்டரய்யா."

திரும்புகிற வழியில் சிங்காரி என்கிற மந்தி மரத்திலிருந்து கூப்பிட்டது. காட்டில் பாதிப் பேருக்குக் கைவைத்தியம் பார்ப்பது அதுதான்.

"என்னக்கா, மூஞ்சி செத்துக் கிடக்கு?"

"ரத்தத்தில் கொழுப்பாம்டி."

"அட, இதுக்கா இந்த முழி? பம்ளிமாஸ் பழத்தைப் பிழிந்து வெறும் வயிற்றில் குடி. கொழுப்பு தலைதெறிக்க ஓடும்! ஆமாம், அந்த நெட்டைக்காலன் மாத்திரை ஏதாவது கொடுத்தானா?"

நாரைக்கும் மந்திக்கும் ஆகாது. நாரை கூடு கட்டிய கிளையை மந்தி ஒருதரம் உலுக்கிவிட்டது. அன்றோடு பேச்சு வார்த்தை அறுந்தது. இவளிடம் அவனைப் பற்றிச் சொன்னாலும், அவனிடம் இவளைப் பற்றிச் சொன்னாலும் பொழுது சாயும்வரை திட்டு கேட்க வேண்டும். அதற்கு எங்கே தெம்பு இருக்கிறது?

"இல்லைடி" என்றது பூவாத்தா.

ராத்திரியில் மாத்திரை, விடிந்தால் பழச்சாறு. இரண்டு பக்கமும் அடித்தால் கொழுப்பு எங்கே ஓடும் என்று அது நினைத்தது.

கொஞ்ச நாளில் தொடை கடுத்தது. தோள் வலித்தது. குட்டிகள் ஏறி உட்கார்ந்தால் முதுகு நடுங்கியது.

"கொழுப்பு கரையும்போது வலிக்கத்தான் செய்யும்! இன்னொரு பழம் சேர்த்துக் குடி!" என்றது மந்தி.

பூவாத்தா நாரையிடமும் போய் வலியைச் சொன்னது. நாரையும் பாவம், காலையிலிருந்து நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துக் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தது. "வேறு மருந்து ஏதாவது உள்ளே போகிறதா?" என்று கேட்டது.

"ஒன்றும் இல்லைங்க. குட்டி சுமக்கிற அலுப்புதான்."

பழம் எப்படி மருந்தாகும்? அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டது.

பிறகு ஒருநாள் சிறுநீர் கறுப்புக் காப்பி போலப் போனது. பூவாத்தா அதன்மேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு நடந்தது.

அன்றைக்கே மலையில் பெருமழை. ஓடை பொங்கியது. மேட்டுக் குகைக்குப் போக அக்கரைக்குக் கடந்தாக வேண்டும். குட்டிகளை ஏற்றிக்கொண்டு பூவாத்தா தண்ணீரில் இறங்கியது. பாதி ஓடையில் கால்கள் மடங்கின. எழுந்திருக்கப் பார்த்தது. முடியவில்லை.

"அம்மா, தண்ணி!" என்று குட்டிகள் அலறின.

"சிங்காரீ! டாக்டரய்யா! யாராவது வாங்களேன்!"

மந்தி கிளையில் தொங்கி இரண்டு குட்டிகளையும் வாரி எடுத்தது. நாரை ஆழமில்லாத இடமாகப் பார்த்து முன்னால் நின்று, "இந்தப் பக்கம்! பாறையைப் பிடி!" என்று கத்தியது. பூவாத்தா வயிற்றால் இழுத்து இழுத்து அக்கரை சேர்ந்தது. அங்கே கிடந்தபடியே, மண்ணைத் தள்ளி மூடியதைக்கூட மறைக்காமல், எல்லாவற்றையும் சொன்னது.

நாரை கண்ணை மூடிக்கொண்டது. "அந்தப் பழம் மாத்திரையை உடம்பைவிட்டுப் போகவிடாதம்மா! போட்டது ஒன்று, உள்ளே சேர்ந்தது பல. அதுதான் உன் சதையைத் தின்றிருக்கிறது. கறுப்பாகப் போனதும் கரைந்த சதைதான்."

"எனக்கென்ன தெரியும்? மாத்திரையே இல்லை என்றாளே!" என்றது மந்தி. "தெரிந்திருந்தால் பழத்தைக் கண்ணில்கூடக் காட்டியிருக்க மாட்டேன்."

"நீங்கள் இரண்டு பேரும் திட்டுவீர்களே என்று பயந்துதான்..."

நாரையும் மந்தியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

"நானும் மருந்தா என்றுதான் கேட்டேன். பழமா, வேரா, கஷாயமா என்று கேட்டிருக்க வேண்டும்" என்றது நாரை. "இப்போதைக்கு இரண்டையும் நிறுத்து. நாளைக்கு மறுபடி ரத்தம் பார்க்கலாம். அதற்குமுன் நீயாக எதையும் ஆரம்பிக்காதே."

மந்தி குட்டிகளை இறக்கிவிட்டு மரமேறிப் போனது. நாரை நனைந்த சிறகை உதறிக்கொண்டு பறந்தது. பூவாத்தா மெல்ல மெல்ல எழுந்து குகையைப் பார்த்து நடந்தது. முதுகில் ஏற வந்த குட்டிகள் அதன் முகத்தைப் பார்த்துவிட்டு, முதல்முறையாகத் தங்கள் காலில் பின்னால் நடந்தன.

மாத்திரையோ மூலிகையோ வெறும் பழமோ, வாய்க்குள் போவது எதையும் வைத்தியம் பார்ப்பவரிடம் மறைக்கக் கூடாது.