வார்த்தை சொன்ன வீடு

அருமைத்துரை கிளீட்டஸைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஐஸ் கம்பெனி வாசலில்தான்.

அருமைத்துரைக்கு அங்கே ஐஸ் கட்டியை உடைத்துப் பெட்டிகளில் அள்ளிப் போடுகிற வேலை. கிளீட்டஸ் சின்ன வள்ளம் வைத்து மீன் பிடிக்கிறவன். அவனும் அவன் சித்தப்பா மகனும் மத்தியானத்துக்கு மேல் கடலுக்குப் போய் விடியற்காலையில் கரையேறுவார்கள். கிளீட்டஸ் மாதா கோவிலுக்குப் போகிறவன். அவன் மனைவி ஆக்னஸ் மட்டும் உப்பளத்து ஓரமாக இருந்த ஜெபவீட்டுக்கு வந்துபோனாள். அந்த ஜெபவீட்டில் தீர்க்கதரிசன வரம் உள்ளவர் என்று பேர் வாங்கியவர் அருமைத்துரை. அதனால் கிளீட்டஸ் அவரை எங்கே பார்த்தாலும் சீண்டாமல் விடமாட்டான்.

“தீர்க்கதரிசி அண்ணாச்சி, இன்னைக்கு மீன் படுமா? மேல கேட்டுச் சொல்லுங்க.”

“பெட்டி நெறைய ஐஸ் கேக்குத. உனக்கே தெரிஞ்சிருக்கு. பெறவு என்னை எதுக்குல கேக்க?”

“அப்ப நானும் தீர்க்கதரிசிதான். பலிச்சுதா இல்லையான்னு காலையில வந்து சொல்லுதேன்.”

ஒரு ஐஸ் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பெட்டியைத் தோளில் ஏற்றி நடந்தான். அன்று ராத்திரி காற்று மாறி அடித்தது. சித்தப்பா மகனின் உடல் தெற்கே கரை ஒதுங்கியது. கிளீட்டஸ் ஒதுங்கவில்லை.

ஜெபவீடு என்பது ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு கொட்டகை. அதை நடத்திவந்த மனாசே ஐயா, அருமைத்துரையைவிட வயதில் இளையவர். உப்புக் குவியல்களை மூடுகிற தார்ப்பாய்களில் கிழிசல் தைத்துக் கொடுத்துப் பிழைத்தார். அருமைத்துரை மனைவியை அடக்கம் பண்ணின வருஷம், வேறு போக்கிடம் தெரியாமல் அவரிடம் வந்து சேர்ந்தார். இவர் அவரை ஐயா என்பார். அவர் இவரை அண்ணாச்சி என்பார். யார் யாருக்குக் குரு என்று ஐஸ் கம்பெனியில் கேலி பண்ணுவார்கள்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. ஜெபத்தின் நடுவே ஆவியானவர் ஏவுகிறார் என்று ஒருவர் எழுந்து இன்னொருவருக்கு வார்த்தை சொன்னால், சொன்னவர் மறுநாள் காலையில் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். ஜெபம் பண்ணுவதற்கு அல்ல. அந்த வீட்டில் என்ன வேலை கிடக்கிறதோ அதைச் செய்வதற்கு. சொன்னது நடக்கிறவரை போய்வர வேண்டும்.

மனாசே ஐயா வைத்த வழக்கம் அது. ஏன் என்று அவர் விளக்கியதில்லை. ஒருவனுக்கு வேலை கிடைக்கும் என்று சொன்ன பெரியவர், அது கிடைக்கிறவரை அவனுக்காக ரேஷன் கடை வரிசையில் நின்றார். ஒரு வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று சொன்ன அக்கா, அந்த வீட்டுத் துணியைப் பல மாதம் துவைத்துவிட்டு, இப்போதெல்லாம் தனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டாள். நிறையப் பேர் பைபாஸ் ரோட்டுச் சபைக்கு மாறிப் போனார்கள். அங்கே வார்த்தை மைக்கில் வரும். யாரும் யார் வீட்டுக்கும் போய் நிற்க வேண்டியதில்லை.

அருமைத்துரை மட்டும் மாறவில்லை. அவர் சொல்வது பெரும்பாலும் சீக்கிரமே நடந்துவிடும். நாலைந்து நாள் போய்வந்தால் முடிந்துவிடும். அதனால் அந்த வழக்கம் அவருக்குச் சுமையாகத் தெரிந்ததில்லை.

கிளீட்டஸ் காணாமல்போன அடுத்த வெள்ளிக்கிழமை, உபவாச ஜெபத்துக்கு ஆக்னஸ் வந்தாள். முன் வரிசையில் உட்கார்ந்து பாயின் கோரையைப் பார்த்தபடியே இருந்தாள். அழவில்லை. மற்றவர்கள் அவளுக்காக அழுதார்கள். அருமைத்துரைக்கு நெஞ்சு சுட்டது. அவர் எழுந்து நின்றார்.

“மகளே, கலங்காதே. உன் புருஷனை நான் மறக்கவில்லை. அவனை உன் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்.”

கொட்டகை முழுக்க ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சத்தம் எழுந்தது. ஆக்னஸ் அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். எல்லோரும் கண்ணை மூடியிருக்க, மனாசே ஐயா மட்டும் திறந்த கண்ணோடு அருமைத்துரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தபோது பலர் வந்து அருமைத்துரையின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மனாசே ஐயா பாயைச் சுருட்டியபடி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“காலையில போய்ட்டு வாங்க, அண்ணாச்சி.”

அந்த வீட்டில் ஆக்னஸ், அவள் சின்ன மகள், மாமியார் திரேசம்மாள் மூன்று பேர். தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். அதே நேரத்தில்தான் ஆக்னஸ் இறால் உரிக்கிற கம்பெனிக்கு வேன் ஏற வேண்டும். திரேசம்மாளுக்கு மூட்டுவலி. ஆக, அந்த வீட்டில் கிடந்த வேலை தண்ணீர் பிடிப்பது.

போன புதிதிலேயே அருமைத்துரை நீலப் பிளாஸ்டிக் குடத்தைப் படியில் தவறவிட்டார். அடியில் கீறல் விழுந்தது. கத்தியைச் சுடவைத்து இழுத்து ஒட்டினார். ஆனாலும் ஒழுகியது.

“கடவுள்கிட்டப் பேசுத ஆளு,” என்றாள் திரேசம்மாள், யாரிடமோ சொல்வதுபோல. “ஒரு குடத்தை ஒழுங்காத் தூக்கத் தெரியல.”

அவளுக்கு அவர்மேல் கோபம் இருந்தது. மகன் ஆத்துமாவுக்கு ஒரு பூசை வைக்க வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள். மாதா கோவில் சாமியாரும் சரி என்றிருந்தார். ஆக்னஸ்தான் விடவில்லை. உயிரோடு இருக்கிறவருக்கு யாராவது செத்தவர் பூசை வைப்பார்களா, வருவார் என்று வார்த்தை வந்திருக்கிறது என்றாள். கிளீட்டஸ் இடுப்பில் கட்டுகிற சாரத்தை வாரம் தவறாமல் துவைத்துக் கொடியில் போட்டாள். வீட்டில் யாரும் அழக்கூடாது, அழுதால் அது அவிசுவாசம் என்று மகளுக்கும் சொல்லிவைத்தாள். அந்தச் சின்னப் பெண் அழுகை வந்தால் எழுந்து பின்பக்கம் போய்விடும். அருமைத்துரை தண்ணீர் ஊற்றும்போது அதைப் பார்த்திருக்கிறார்.

கல்லறைத் திருநாள் வந்தது. ஊரில் எல்லோரும் தங்கள் தங்கள் கல்லறைகளைக் கழுவி, பூப் போட்டு, மெழுகுதிரி ஏற்றினார்கள். திரேசம்மாளும் போனாள். ஏற்றாத மெழுகுதிரியோடு திரும்பி வந்தாள். அதை அடுப்படி மாடத்தில் வைத்தாள். மறுநாள் குடத்தோடு உள்ளே போன அருமைத்துரையின் கண்ணில் அது பட்டது.

மழை முடிந்தது. வெயில் வந்தது. அருமைத்துரைக்கு முழங்கால் வலி கண்டது. கொட்டகையில் யாரும் இப்போது அவர் கையைப் பிடிப்பதில்லை. அந்த வார்த்தையைப் பற்றி யாரும் பேசுவதுமில்லை. ஒருநாள் வேலை முடிந்து மனாசே ஐயாவிடம் போய் உட்கார்ந்தார்.

“ஐயா, இன்னும் எம்புட்டு நாளைக்குப் போகணும்?”

கோணி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“என்ன சொன்னீய?”

“வருவான்னு.”

“அப்ப வாரவரைக்கும்.”

அருமைத்துரை எழுந்திருக்கவில்லை. வேறொன்று கேட்டார். கர்த்தர் பேசுவது எது, தன் மனசு பேசுவது எது என்று ஒருத்தனுக்கு எப்படித் தெரியும் என்று. மனாசே ஐயா கோத்த நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். அன்றைய தையல் முடிகிறவரை தைத்தார்.

அடுத்த தண்ணீர் நாளில் அருமைத்துரை குழாயடிக்குப் போனபோது, மனாசே ஐயா அங்கே நின்றார். கேட்காமலே எவர்சில்வர் குடத்தை நிறைத்துத் தோளில் வைத்துக்கொண்டார். இருவரும் நடந்தார்கள். தெரு திரும்புகிற இடத்தில் அவர் குடத்தை இறக்கி வைத்து, கையை உதறினார்.

“கனமா இருக்கு, அண்ணாச்சி.”

“ஆமாய்யா.”

“அன்னைக்கு அந்த வார்த்தையைச் சொல்லும்போது கனமா இருந்துச்சா?”

அருமைத்துரை நின்றுவிட்டார். நீலக் குடத்திலிருந்து தண்ணீர் அவர் முதுகு வழியாக வேட்டிக்குள் இறங்கியது.

“இல்லய்யா. லேசா இருந்துச்சு. சொன்ன பெறவு இன்னும் லேசாப் போச்சு.”

மனாசே ஐயா குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்.

அதற்குப் பிறகும் அருமைத்துரை சும்மாதான் போய்வந்துகொண்டிருந்தார். உள்ளதைச் சொல்ல நினைத்து வருவார், தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்புவார். கொடியில் சாரம் காய்ந்துகொண்டிருக்கும். நாள் அப்படியே போய், மறு கல்லறைத் திருநாளும் கிட்டே வந்துவிட்டது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆக்னஸ் வீட்டில் இருந்தாள். அருமைத்துரை கடைசிக் குடத்தை இறக்கியபோது, சுவரோரம் உட்கார்ந்திருந்த திரேசம்மாள் அவரைக் கூப்பிட்டாள். அவள் குரலில் இதுவரை இருந்த குத்தல் இல்லை. களைத்துப்போன குரல்.

“எய்யா, உங்க ஆண்டவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. இந்தத் திருநாளைக்கு என் மவனுக்கு மெழுகுதிரி கொளுத்தலாமா, கூடாதா?”

அருமைத்துரை அவளைப் பார்த்தார். கிண்டலுக்குக் கேட்கவில்லை. மெய்யாகவே கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள்.

உள்ளே ஆக்னஸ் சாரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசல்படியில் உட்கார்ந்தார்.

“ஆக்னஸ், அன்னைக்கு அது கர்த்தர் சொன்னது இல்லம்மா. நான் சொன்னது.”

அவள் கை நின்றது.

“நீ அழாம உக்காந்திருந்த. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. வாயில வந்துட்டு.”

ஆக்னஸ் மடித்த சாரத்தைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். இறால் உரித்து உரித்து அவள் விரல்நுனிகளில் தோல் வெந்து போயிருந்தது.

“இதச் சொல்ல இம்புட்டு நாளா அண்ணாச்சி?”

அவள் சாரத்தைக் கீழே வைத்தாள்.

“நானும் அழல. எம்பிள்ளையை அழவிடல. அவரைப் பெத்தவங்களையும் அழவிடல.”

அதற்குள் திரேசம்மாள் தொடங்கிவிட்டாள். முதலில் ஒரு முனகல்போலத்தான் கேட்டது. பிறகு நெஞ்சில் அடித்துக்கொண்டு, மகன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். சின்னப் பெண் ஓடிவந்து அவள் மடியில் விழுந்தது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் போட்டது போட்டபடி வந்து வாசலில் நின்றார்கள். சாவு இப்போதுதான் விழுந்ததுபோல இருந்தது.

ஆக்னஸ் மட்டும் எழுந்து வந்து, காலிக் குடங்களை உள்ளே எடுத்து வைத்தாள்.

“இனி இங்க வராதீய,” என்றாள்.

பூசை வைத்தார்கள். கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவர் ஓரமாக, யாரும் அடக்கமாகாத வெறும் மண்ணில், திரேசம்மாள் மெழுகுதிரியை நட்டாள். அருமைத்துரை கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, நேராகக் கொட்டகைக்குப் போனார்.

மனாசே ஐயா ஒரு பெரிய தார்ப்பாயை விரித்துப் போட்டுக் கிழிசல் தேடிக்கொண்டிருந்தார். அருமைத்துரை நடந்ததைச் சொன்னார். ரொம்ப நேரம் ஆயிற்று. மனாசே ஐயா எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார்.

“நல்லது, அண்ணாச்சி. நாளைக்குத் தண்ணி நாள்தானே?”

அருமைத்துரைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவருக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்புதான் வந்தது.

“அவ வராதேன்னுட்டா ஐயா. வரமும் என்னை விட்டுப் போயிட்டு. கர்த்தர் சொல்லவே இல்லைன்னு நானே என் வாயால சொல்லியாச்சு. இனிமே அந்த வீட்டுக்கு நான் எதுக்குப் போகணும்?”

மனாசே ஐயா கிழிசலைக் கண்டுபிடித்துவிட்டார். அதில் விரலை விட்டுப் பார்த்தார்.

“கர்த்தர் சொல்லியிருந்தா அவரு பாத்துக்கிடுவாரு, அண்ணாச்சி. சொன்னது நீங்கள்லா.”

அருமைத்துரை குனிந்தார். தார்ப்பாயின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

மனாசே ஐயா இப்போது இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் உப்பு குடோன் கட்டிவிட்டார்கள். ஆக்னஸ் அருமைத்துரையோடு பேசுவதில்லை. தண்ணீர் நாளில் அவர் போகும்போது காலிக் குடங்கள் வாசலுக்கு வெளியே இருக்கும். யார் எடுத்து வைக்கிறார்கள் என்று அவர் கேட்டதில்லை.

நீலக் குடம் இன்னும் ஒழுகுகிறது.