கைவிட்ட சாட்சி

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதை நடத்தி வந்த கோமதி அம்மாவுக்கு வயது நாற்பதைத் தாண்டவில்லை. சீடர்களில் எல்லோருக்கும் மூத்தவர் செண்பகராமன். அரசு வழக்கறிஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நடத்தித் தோற்ற கொலை வழக்கு ஒன்றுகூட இல்லை என்று மாவட்டமே பேசும். அவரும் அதை மறுத்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். முகம் வெளிறிக் கிடந்தது. மலைப்பாதையில் வண்டிச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார்.

"யாரும் வரணுமா?" என்று கேட்டார் அம்மா.

"இல்லம்மா. யாரும் வந்துரக் கூடாது."

"சரி, சாப்பிடுங்க."

சோறு இறங்கவில்லை. இலையில் கையை வைத்துக்கொண்டு அவரே சொல்லத் தொடங்கினார்.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட ஆயாவைக் கொலை செய்த வழக்கு. இசக்கிமுத்து என்ற லாரி கிளீனருக்கு ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்தவர் செண்பகராமன்தான். இறந்துபோனவளின் நகத்துக்கடியில் ரத்தம் இருந்தது. அதை இப்போதுதான் டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினார்கள். அது இசக்கிமுத்துவின் ரத்தம் இல்லை என்று முடிவு வந்துவிட்டது. திங்கட்கிழமை உயர் நீதிமன்றத்தில் விசாரணை.

"அப்போ அவரை விட்டுருவாங்கல்லா?"

"உடனே விட மாட்டாங்கம்மா. ரெண்டு பேரு சேர்ந்து செஞ்சிருக்கலாம், ரத்தம் அந்த இன்னொருத்தனோடதுன்னு அரசுத் தரப்பில சொல்லலாம். சொன்னா அவன் உள்ளேயே இருப்பான்."

"சொல்லப் போறது யாரு?"

"இப்போ இருக்கிற அரசு வக்கீல். எங்கிட்ட ஜூனியரா இருந்தவன். போன் மேல போன் போட்டு ஒண்ணையே கேக்கான். கொலை நடந்த நேரத்தில இசக்கிமுத்து எங்கடையிலதான் உக்காந்திருந்தான்னு ஒரு டீக்கடைக்காரம்மா அப்பவே போலீஸ்ல சொல்லியிருக்கா. அவளை நீங்க ஏன் கூண்டில ஏத்தலைங்கான்."

"ஏன் ஏத்தலை?"

செண்பகராமன் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"இந்தச் சாட்சியைக் கைவிடுதோம்னு நாங்க கோர்ட்ல ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க. தினமும் நடக்கிறதுதான். அவ சொன்னதை எதிர்த்தரப்புக்கு நான் காட்டவும் இல்லை. இசக்கிமுத்துவோட வக்கீல் சின்னப் பையன், அவனும் கேக்கலை."

அம்மா அவர் இலையைப் பார்த்தார். சோறு அப்படியே இருந்தது.

"ஞாபகமில்லைன்னு சொல்லிட்டா ஜூனியர் பாத்துக்கிடுவான். அது பொய்யாம்மா?"

"இலையை எடுங்க, நாளைக்குப் பேசலாம்" என்றார் அம்மா.

மறுநாள் விடிந்ததும் அடுக்களையில் தயிர்ச்சட்டி உடைந்து கிடந்தது. மடத்தில் செவலை என்றொரு நாய் உண்டு. எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். அம்மா செண்பகராமனைக் கூப்பிட்டார்.

"வக்கீலய்யா, நீங்களே விசாரிச்சுச் சொல்லுங்க."

கிழவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வழக்கு ஒன்று கிடைத்தால் வழக்கறிஞருக்கு மற்றதெல்லாம் மறந்து போகும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றார்.

"இது உள்ள போறது முதல் தடவையா?" என்று சமையல்காரரைக் கேட்டார்.

"இல்லைங்கய்யா. போன மாசம் அப்பளத்தைத் தூக்கிட்டுப் போயிட்டு."

"மூக்கைப் பாருங்க. வெள்ளையா இருக்கா இல்லையா?"

"இருக்குங்கய்யா."

"அப்புறம் என்ன? இதுதான்."

அவரே நாயைப் பலாமரத்தில் கட்டினார். அது முனகியது, கயிற்றைக் கடித்தது, பிறகு ஓய்ந்து படுத்துவிட்டது. அன்று காலை இட்லி அவருக்கு நன்றாக இறங்கியது.

மத்தியானத்துக்கு மேல் மடத்துப் போன் அடித்தது. ஜூனியர்தான். திரும்பக் கூப்பிடச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டான். செண்பகராமன் மறுபடியும் வாசலைப் பார்க்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து அம்மா அவரை அடுக்களைக்குள் அழைத்துப்போனார்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் கரிபடிந்த சுவரில் தயிர் காய்ந்து ஒட்டியிருந்தது. சின்னக் கைத்தடம். ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தன.

"இது யாரோடது?"

"குரங்கு" என்றார் செண்பகராமன்.

"சட்டி உடையும்போது நாய் எங்க இருந்தது?"

"என் அறை வாசல்ல. சத்தம் கேட்டுத்தான் கதவைத் திறந்தேன். எங்காலடியில தூங்கிட்டிருந்தது."

"காலையில இதைச் சொல்லலையே?"

"நீங்க கேக்கலையே."

பழகிய வாய், தானாகவே சொல்லிவிட்டது. அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை அவருக்குப் பொறுக்கவில்லை. அவசரமாக மேலே பேசினார்.

"இருந்தாலும் மூக்கில தயிர் இருந்ததே அம்மா? குரங்கு சட்டியைத் தள்ளியிருக்கும். நாயும் அதுகூடச் சேர்ந்துக்கிட்டு..."

அதோடு நின்றுவிட்டார்.

அடுப்பில் எதுவோ கொதித்துக்கொண்டிருந்தது. அவர் சுவரிலிருந்த கைத்தடத்தை வெகுநேரம் பார்த்தார். உடைந்த சட்டியை நக்கினால் எந்த நாயின் மூக்கும் வெள்ளையாகத்தான் இருக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கும் காலையிலேயே தெரிந்துதான் இருந்தது.

பலாமரத்துக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தார். தான் போட்ட முடிச்சே அவிழ மாட்டேனென்றது. ஒருவழியாக அவிழ்த்துவிட்டு வந்து அம்மாவின் எதிரில் உட்கார்ந்தார்.

"தெரிஞ்சேதான் அவளைக் கைவிட்டேன்னு உள்ளதைச் சொன்னா திங்கட்கிழமை அவன் வெளிய வந்துருவான்" என்றார்.

"ம்."

"எம்பேரு போயிரும். வக்கீல் சங்கத்தில என் படம் மாட்டியிருக்கு, அதைக் கழட்டுவாங்க. இன்னும் எத்தனை பேரை இப்படி உள்ள தள்ளினாரோன்னு பேசுவாங்க. அதுக்கு எங்கிட்ட பதில் இல்லம்மா. எனக்கே தெரியலை."

அம்மா தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

"தெருவில நடந்தா விரல் நீட்டுவாங்க. மக வீட்டில எப்படிப் போய் நிக்கது? பேரப்பிள்ளைக மூஞ்சியை எப்படிப் பாக்கது? எனக்குப் பயமா இருக்கு."

"பயமாத்தான் இருக்கும்."

"ஊரே குத்தவாளின்னு சொன்ன பிறகு ஒரு மனுஷன் எப்படிம்மா உயிரோட இருக்கது? நீங்கதான் சொல்லித் தரணும்."

கோமதி அம்மா சொன்னார்:

"எனக்குத் தெரியாதுங்கய்யா. என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. இசக்கிமுத்துக்குத் தெரியும். அவர் வெளிய வந்ததும் போய்க் கேளுங்க."