வடிவாயி ஆடிய கறுப்புக் காய்கள்

அரசன் சொன்னதே சட்டமாக இருந்த அந்தக் காலத்தில், மருதவேலி என்கிற நாட்டைச் சேந்தன் என்று ஓர் அரசன் ஆண்டுவந்தான். சதுரங்கம் என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். குறை சொல்ல வரும் குடிமக்களையும் பலகைக்கு எதிரே உட்காரவைத்துவிடுவான். வெள்ளைக் காய் எப்போதும் அவனுக்கு. முதல் நகர்த்தலும் அவனுக்கு. கறுப்பை வைத்துக்கொண்டு நாற்பது நகர்த்தல் தாக்குப்பிடித்தால்தான் மனு ஏற்கப்படும். தோற்றவர் அடுத்த மனுவுக்கு நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். இருபது நகர்த்தலைத் தாண்டியவர் ஒருவர்கூட இல்லை.

இந்த யோசனையைச் சொன்னவர் சம்புராயர். அரசனோடு தினமும் ஆடித் தினமும் தோற்பதுதான் அவருடைய உத்தியோகம். பாதி ஆட்டம்வரை அரசனை வியர்க்க வைத்து, பிறகு கைதவறினாற்போல ஒரு யானையை விட்டுக்கொடுப்பார். அதற்கே அவருக்குப் பல்லக்கும் பட்டும் கிடைத்தன.

வடிவாயி அங்கே வந்தது தன் புருஷனுக்காக. அவன் பெயர் கொம்பையா; ஏரி மடையைக் காவல்காப்பவன். அரண்மனைத் தாமரைக்குளத்துக்கு என்று நிறுத்திவைத்த தண்ணீரை, வயல் கருகுகிறதே என்று ஒருநாள் திறந்துவிட்டான். சிறையில் போட்டார்கள். அவனை மீட்க அவள் பலகை முன்னால் உட்கார்ந்து, ஒன்பதாவது நகர்த்தலில் தோற்றாள். சபை சிரித்தது. அவள் ஊருக்குத் திரும்பவில்லை. அந்த மண்டபத்தைப் பெருக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கையில் துடைப்பத்தோடு தூண் ஓரம் நின்று, தோற்கிறவர்களையே பார்த்தாள். எல்லாரும் ஒரே மாதிரிதான் தோற்றார்கள். அரசன் பாய்ந்ததும் இவர்களும் பதிலுக்குப் பாய்ந்தார்கள். அவன் ஆசை காட்டி ஒரு காலாளை முன்னே தள்ளினால் ஓடிப்போய் வெட்டினார்கள். வெட்டப் போன நேரத்தில் தங்கள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. வடிவாயி தான் தங்கியிருந்த குடிசைத் தரையில் கரியால் கட்டம் போட்டாள். புளியங்கொட்டை ஒரு பக்கம், கூழாங்கல் ஒரு பக்கம். ஒரு காலாளை ஓரடி நகர்த்தி, அவன் துணையில் அடுத்தவனை ஈரடி நகர்த்துவது. குதிரையை வெளியே கொண்டுவந்து தன் அரசன் காயை மூலையில் ஒதுக்குவது. துணையில்லாமல் எந்தக் காயையும் அனுப்பாமல் இருப்பது. இந்த ஒரே அணிவகுப்பைத்தான் நான்கு மாதமும் போட்டுப் பார்த்தாள்.

இது சம்புராயர் காதுக்கு எட்டியது. பெருக்குகிறவள் சதுரங்கம் படிப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. சபை சிரிக்கட்டும் என்று அவரே அரசனிடம் சொல்லி, கெடு முடிந்த அன்றே அவளை அழைக்க வைத்தார்.

அரசன் வழக்கம்போலப் பாய்ந்தான். வடிவாயி தன் அணியைக் கட்டினாள். அவன் காலாளை நீட்டினான், அவள் தொடவில்லை. யானையையே நீட்டினான், அதையும் தொடவில்லை. முப்பது நகர்த்தல் ஆனபோது அரசன் முகம் கறுத்துவிட்டது.

"ஒருதரம்கூட நீ தாக்கவில்லையே. இது என்ன ஆட்டம்?" என்றான்.

"தாக்குவதற்கு முதல் நகர்த்தல் மகாராஜாவிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது கறுப்பு. சாகாமல் இருப்பதுதான் என் வேலை."

சம்புராயர் குறுக்கே வந்து, பத்தே நகர்த்தலில் தான் இதை உடைத்துக் காட்டுவதாகச் சொன்னார். வடிவாயி அரசனைப் பார்த்துக் கும்பிட்டு, ராயர் தாராளமாக உட்காரட்டும், உடைக்க முடியாவிட்டால் அவருடைய உத்தியோகம் போகட்டும் என்று கேட்டாள். எரிச்சலில் இருந்த அரசன் சரி என்று எழுந்தான்.

ராயர் வெள்ளைக் காய்கள் பக்கம் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஆடினார். இருபது வருஷம் தோற்றே பிழைத்தவருக்கு ஜெயிக்கிற வழி மறந்துபோயிருந்தது. பழக்கதோஷத்தில் ஆறாவது நகர்த்தலில் யானையை விட்டுக்கொடுத்தார். வடிவாயி அன்று முதன்முறையாக ஒரு காயை வெட்டினாள். பத்தாவது நகர்த்தலும் முடிந்து, மொத்தம் நாற்பது ஆனது; கறுப்பு அரசன் மூலையில் பத்திரமாக இருந்தான்.

கொம்பையாவை அழைத்துவரச் சொன்னான் அரசன். சிறைத் தலைவன் தனியாக வந்தான். கொம்பையா காய்ச்சலில் இறந்து பதினோரு நாள் ஆகிறது என்றான். அன்றைக்கே ராயரிடம் சொன்னதாகவும் சொன்னான்.

எல்லாரும் ராயரைப் பார்த்தார்கள். "மகாராஜா இந்த ஆட்டத்தை ஆசையாக எதிர்பார்த்திருந்தீர்கள். சொன்னால் ஆட்டம் நின்றுவிடுமே என்று..." என்றார் அவர்.

அரசன் அங்கேயே அவருடைய பட்டுத் தலைப்பாகையை அவிழ்த்து வாங்கிக்கொண்டு, நடந்தே ஊரைவிட்டுப் போகச் சொன்னான். பிறகு வடிவாயியைப் பார்க்க முடியாமல் பலகையைப் பார்த்தபடி, நன்றாக ஆடினாய், வேண்டியதைக் கேள் என்றான்.

"இதைப் படிக்க எனக்கு நாலு மாதம் ஆயிற்று மகாராஜா. அவருக்கு அவ்வளவு நாள் இல்லை" என்றாள். அவள் குரல் உயரவில்லை. பிறகு ராயருடைய உத்தியோகத்தைக் கேட்டாள்.

துக்கத்தில் பேராசை வந்துவிட்டது என்று சபை முணுமுணுத்தது. அரசன் கொடுத்துவிட்டான்.

மறுநாளிலிருந்து அவள் அந்த உத்தியோகத்தின் உரிமையில் மனுக்காரர்கள் காத்திருக்கும் முற்றத்தில் போய் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் அந்த அணிவகுப்பைச் சொல்லிக்கொடுத்தாள். குயவர் வந்தார், நாவிதர் வந்தார், கண் மங்கிய கிழவி ஒருத்தி வந்தாள். காலாளை ஓரடி, அடுத்தவனை ஈரடி, கொடுப்பதை வாங்காதே. இரண்டே மாதத்தில் அரசனால் ஒருவரையும் நாற்பதுக்குள் வீழ்த்த முடியவில்லை. சலித்துப்போய்ப் பலகையை மூட்டைகட்டச் சொன்னான். மனுக்களை இனிமேல் நேராகவே கேட்பதாகப் பறையறைவித்தான்.

அந்த வாரமே, சிறையில் கிடந்தவர்களுக்காக வந்த மனுக்களையெல்லாம் ஏற்று, சிறைக்கதவைத் திறந்தார்கள். வெளியே காத்திருந்த பெண்கள் தங்கள் தங்கள் ஆளைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். வடிவாயியும் அங்கே நின்றாள். வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். கடைசி ஆளும் வந்துவிட்டார் என்று காவலன் சொன்ன பிறகும், கதவைச் சாத்துகிறவரை அவள் நகரவில்லை.