நடுவில் நின்ற தண்ணீர்

முள்ளிக்கரை உப்பளத்தில் மூன்று பேருக்குச் சேர்த்து ஒரு மூளை இருந்தது. அன்று அதை யார் எடுத்து வந்தார் என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு.

மூத்தவர் வெயிலுகந்தான். மற்ற இருவரும் அவருடைய மச்சினன்கள்: தவசிமுத்து, செங்கோட்டையா. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் உப்பு வாராவிட்டால் உப்பளச் சங்கம் அவர்கள் பாத்தியை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடும். பாத்தியிலோ இன்னும் வெறும் உப்புத்தண்ணீர்.

நீரைச் சோதிக்க வந்த கற்பகவல்லி மேடத்திடம், உப்பு இன்னும் சேரவில்லையே என்று முறையிட்டார்கள்.

"சோடியத்துக்கு வெளிவட்டத்துல ஒரே ஒரு எலக்ட்ரான். குளோரினுக்கு ஏழு. இது ஒண்ணைக் கொடுத்தா இதுக்கு நிம்மதி. அது வாங்கி எட்டாக்கிக்கிட்டா அதுக்கு நிம்மதி. கொடுத்தது பிளஸ், வாங்கினது மைனஸ். ஒண்ணையொண்ணு இழுக்கும். உங்க பாத்தியில கொடுத்து வாங்கினதெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. தண்ணிதான் நடுவுல நின்னு பிரிச்சு வச்சிருக்கு. தண்ணி போனா சேர்ந்துடும்" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்கூட்டரில் கிளம்பினார்.

மூவரும் வரப்பில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"கொடுத்தவன் திரும்பக் கேட்டுட்டா?" என்றார் தவசிமுத்து.

"கேக்க மாட்டான். கொடுத்தாத்தான் அவனுக்கு நிம்மதியாம்லா" என்றார் வெயிலுகந்தான்.

"அப்போ குத்தம் பூரா தண்ணி மேலதான். ஆனா அத்தான், நீங்களும் அக்காவும் சண்டை போட்டப்போ நானும் நடுவுலதானே நின்னேன்?" என்றார் செங்கோட்டையா.

"நீ வெளிய போன பெறவுதாம்லே நாங்க ராசியானோம்."

அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

வாளியால் முகந்து வரப்பில் ஊற்றினார்கள். தண்ணீர் சரிந்து பாத்திக்கே திரும்பியது. "பாசக்காரத் தண்ணி" என்றார் செங்கோட்டையா. கடைசியில் வரப்பை வெட்டி, வாய்க்கால் வழியாகக் கடலுக்கே அனுப்பி வைத்தார்கள்.

"திரும்பி உக்காருங்க. நாம பாத்துக்கிட்டு இருந்தா அதுக ஒட்டாது" என்றார் வெயிலுகந்தான்.

அரை மணி நேரம் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். திரும்பியபோது பாத்தியில் சேறு மட்டும் இருந்தது.

"உப்பும் தண்ணி கூடவே போயிருச்சு போல" என்றார் தவசிமுத்து.

கடற்கரைக்கு ஓடினார்கள். வெயிலுகந்தான் ஒரு விரலை அலையில் நனைத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

"நம்ம உப்புதாம்லே."

மூவரும் அடிவானம் வரை பார்த்தார்கள்.

"ஒத்தைப் பாத்தியில இவ்வளவா!" என்றார் தவசிமுத்து. பாத்தி இனி அவர்களுடையதுதான்.

அப்போது முதல் தூறல் விழுந்தது. விளைந்ததெல்லாம் கரைந்துவிடுமே. செங்கோட்டையா தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வந்து கடல்மேல் விரிக்க ஆரம்பித்தார்.

"அந்த மூலைய நல்லா இழுத்துப் பிடிலே" என்றார் வெயிலுகந்தான், இலங்கைப் பக்கம் கைகாட்டி.