ஊரே அழுத பாட்டு

புருஷனைப் பறிகொடுத்த பிறகுதான் பூங்காவனம் ஒப்பாரி படிக்க வந்தாள். கற்றுக்கொடுத்த காசாம்பு வயதில் அவளுக்கு இளையவள். ஆனால் சாவு வீட்டில் முன்பாட்டு எடுக்க அந்தச் சுற்றுவட்டாரத்தில் காசாம்புவை மிஞ்ச ஆள் கிடையாது. பூங்காவனம் கூச்சமே இல்லாமல் அவளை வாத்தியாரம்மா என்று கூப்பிட்டாள். மற்ற பெண்களோடு சேர்ந்து பின்பாட்டுப் பாடினாள்.

உழைப்பு என்றால் அப்படி ஓர் உழைப்பு. விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போய்த் தொண்டை கிழியப் பாடுவாள். குரல் கட்டிக்கொண்டு திரும்பினால் காசாம்புவின் மகள் வேம்பு சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுப்பாள்.

"பெரியம்மா, நீ கத்துற கத்துல செத்தவங்களே எழுந்து ஓடிடப் போறாங்க" என்று கிண்டல் வேறு.

காசாம்புவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எழவு வீட்டுக்குள் நுழைந்ததும் பாடிவிட மாட்டாள். வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து, செத்தவர் பேர் என்ன, எதற்கு ஆசைப்பட்டார், யாரை எப்படிக் கூப்பிடுவார் என்று விசாரிப்பாள். பிறகுதான் வாயைத் திறப்பாள். பூங்காவனத்துக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது?

"என்னை எப்பதான் முன்பாட்டுக்கு விடுவீங்க?"

"பாடும்போது எதைப் பார்க்கிறே அக்கா?"

"கூட்டத்தைத்தான். எத்தனை பேர் அழுறாங்கன்னு பார்ப்பேன். ஒருநாள் என் பாட்டுக்கு ஊரே அழணும் வாத்தியாரம்மா. கண்ணை மூடினா அதுதான் தெரியுது."

காசாம்பு வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு எழுந்து போனாள்.

அந்த மழைக்காலத்தில் வேம்பு காய்ச்சலில் படுத்தாள். பாழாய்ப்போன காய்ச்சல், கொண்டுபோயே விட்டது. தை மாசம் கல்யாணம் வைத்திருந்த பெண்.

பெற்றவள் தன் பிள்ளைக்கு முன்பாட்டு எடுக்கக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. காசாம்பு நிமிர்ந்து பூங்காவனத்தைப் பார்த்தாள்.

"நீ எடு அக்கா."

எடுத்தாள். அடேயப்பா, என்ன குரல்! இந்த நாளுக்கென்றே சேர்த்து வைத்திருந்த வரிகள் ஒன்று பாக்கியில்லாமல் வந்து விழுந்தன. முத்தே என்றாள், பவழமே என்றாள், குலை தள்ளாமல் சாய்ந்த வாழையே என்றாள். தெருவில் நின்ற ஆம்பிளைகள்கூடத் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். பூங்காவனம் பாடிக்கொண்டே அத்தனையையும் பார்த்தாள்.

சுடுகாட்டுக்குத் தூக்கிப் போன பிறகு வீடு அடங்கிவிட்டது. மகளைக் கிடத்தியிருந்த பெஞ்சின் காலைப் பிடித்தபடி காசாம்பு தரையில் உட்கார்ந்திருந்தாள். பூங்காவனம் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கேட்கிற நேரமா அது? ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"வாத்தியாரம்மா... பாட்டு சரியா இருந்துச்சா?"

"ஒரு குறை சொல்ல முடியாது அக்கா. நீ ஆசைப்பட்ட மாதிரியே ஊரே அழுதுச்சு."

பெஞ்சில் ஒட்டிக் கிடந்த சாமந்தி இதழைக் காசாம்பு விரலால் தொட்டாள்.

"என் புள்ள பேரைத்தான் நீ ஒரு தடவைகூடச் சொல்லலை."